மரச்சீனியும் சாளையும்: முதுமை எலும்பின் கந்தகக் கணக்கு

முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மருந்துச் சீட்டில் தவறாமல் இடம்பெறுபவை சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் வைட்டமின் டி-யும். இரண்டும் தேவைதான். ஆனால் நெய்யாற்றின்கரை வட்டத்தில் குன்னத்துகால், காரக்கோணம், பாறசாலைப் பக்கத்து முதியவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: மரச்சீனி (மரவள்ளி) கிழங்குக்குத் தொடுகறி என்ன? எலும்பு நலத்தில் சுண்ணாம்புக்கு இணையாக அமினோ அமிலங்களையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எலும்பின் கரிமச் சட்டகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு முதல்வகைக் கொலாஜன். அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஓரிடம் கிளைசினுக்கு, புரோலினுக்கும் பெரும்பங்குண்டு. 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுண்டெலிகளின் எலும்பு மூலச்செல்களில் குளூட்டமினைச் சிதைக்கும் நொதியை நீக்கியபோது எலும்பு குறைந்து மஜ்ஜையில் கொழுப்பு கூடியது. மனித முதுமையிலும் இதே சாயல் தெரிகிறது. டிரிப்டோஃபனும் வயதாக ஆகக் கைனுரெனின் பக்கம் கூடுதலாகத் திரும்புகிறது. அப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தால் எலும்பு தேய்கிறது.

இவ்வட்டாரத்துக்கு நெருக்கமானது மெத்தியோனினின் கதை. உடலில் அது ஹோமோசிஸ்டீனாகிறது. ஃபோலேட்டும் பி12-ம் இருந்தால் அது மீண்டும் மெத்தியோனினாகும். பி6 துணையோடு வேறு வழியில் போனால் சிஸ்டீனாகும். வழி அடைபட்டால் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் தேங்கும். அது மிகுந்த முதியவர்களுக்கு எலும்பு முறிவு கூடுவதை ரோட்டர்டாம், ஃபிராமிங்ஹாம் ஆய்வுகள் 2004-ல் காட்டின. உடனே வைட்டமின் மாத்திரையில் தீர்வு தேடினார்கள். நெதர்லாந்தில் 2 ஆண்டுகள் பி12-ம் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த சோதனையில், ஒட்டுமொத்தமாக முறிவு குறையவில்லை என்று 2014-ல் தெரிந்தது. ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கும் வைத்தியத்தின் மீது எனக்குள்ள ஐயத்தை இந்த முடிவு வலுப்படுத்துகிறது.

இனி மரச்சீனி. விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சி 1880–85) திருவிதாங்கூரில் பரவலாக்கிய கிழங்கு இது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது வயிற்றைக் காத்ததும் இதுவே. 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராமைத் தாண்டாது. அதிலும் கந்தக அமினோ அமிலங்கள் சொற்பம். போதாததற்குக் கிழங்கிலுள்ள லினமரின் சயனைடை விடுவிக்கும். அதை உடல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. அதற்கு வேண்டிய கந்தகம் சிஸ்டீனிலிருந்தும் மெத்தியோனினிலிருந்தும்தான் வர வேண்டும். தருவது குறைவு, கேட்பது கூடுதல்.

நம் அடுக்களைகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. கிழங்கைச் சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். லினமரினில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பக்கத்துச் சட்டியில் சாளை (மத்தி) மீன் கறி கொதிக்கிறது. 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம், நிறைய மெத்தியோனின். பி12-ம் வைட்டமின் டி-யும் உண்டு. முள்ளோடு மென்றால் சுண்ணாம்பும் சேரும். புரதக் குறைவோடு கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் தின்ற ஆப்பிரிக்கப் பகுதிகளில் கால்களை முடக்கும் கான்சோ நோய் பரவியதை இங்கே நினைவுகூரலாம். ஆனாலும் கிழங்கின் மீது அவசரமாகப் பழிபோடக் கூடாது. கேரளத்தில் கணையக் கல் நோய்க்கும் ஒருகாலத்தில் மரச்சீனியையே காரணம் காட்டினார்கள். பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் அந்த விளக்கத்தைத் தளர்த்திவிட்டன.

ஆகவே என் கவலை கிழங்கைப் பற்றியதல்ல; கறியைப் பற்றியது. கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், கேரளக் கரையில் 2012-ல் 4 லட்சம் டன்னை நெருங்கிய சாளை வரத்து, 2021-ல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 12.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். மீன் விலை ஏறும்போது வீட்டில் முதலில் பங்கு குறைவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான். பல் போனவர்களுக்கோ கஞ்சியும் கட்டஞ்சாயாவும் போதுமென்றாகிவிடுகிறது. நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12-ம் இறங்கும்.

புரதம் கூடினால் எலும்பு கரையும் என்ற பழைய அச்சம் இன்னும் சிலரிடம் உண்டு. கந்தக அமினோ அமிலங்கள் அமிலமாகி, எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழுக்கும் என்பது அதன் வாதம். புரதம் மிகும்போது சிறுநீரில் சுண்ணாம்பு கூடுவது உண்மை. அதில் பெரும்பகுதி குடல் கூடுதலாக உறிஞ்சியது என ஐசோடோப்பு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஃபிராமிங்ஹாம் முதியவர்களில் புரதம் குறைவாக உண்டவர்களே கூடுதலாக எலும்பு இழந்தார்கள் (2000). முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என 2013-ல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள அம்மச்சிக்கு நாளொன்றுக்கு 50 கிராமாவது வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

மீனுக்குப் பதில் பயறு என்று பொதுவாகச் சொல்லிவிடுவதிலும் சிக்கல் உண்டு. பயறில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு, அரிசியில் நேர்மாறு. எனவே கஞ்சியும் பயறும் ஒன்றையொன்று நிரப்பும். மரச்சீனியும் பயறும் அப்படி நிரப்பாது; இரண்டிலுமே குறைவது கந்தகம்தான். மீன் வாங்க முடியாத நாளில் கிழங்கைத் தவிர்த்துக் கஞ்சியும் பயறும் வைப்பதோ, கிழங்கோடு ஒரு முட்டை சேர்ப்பதோ தகும்.