விடுபடாத மைனா: மக்கள் அறிவியலில் பறவைப் பட்டியலின் சான்று வலிமை

இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வெளியான அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் களத்தில் எடுத்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படையாக அமைந்தன. இவர்களில் பெரும்பாலோருக்குப் பறவையியல் தொழில் அன்று. அறிக்கை வந்ததும் எல்லோரும் பேசியது பதிவுகளின் பெருக்கத்தைத்தான். ஆனால் அதன் முடிவுகளுக்கு வலுவைத் தருவது, கண்ட பறவைகள் அனைத்தையும், காகம் மைனா உட்பட, விடாமல் குறிக்கும் பழக்கமே. அந்தப் பழக்கம் தளர்ந்தால் எத்தனை கோடிப் பதிவுகள் சேர்ந்தாலும் சான்று வலுப்பெறாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொதுமக்கள் சேர்ந்து பறவைகளை எண்ணும் வழக்கம் பழையது. கிறிஸ்துமஸ் நாளன்று பறவைகளைச் சுட்டுக் குவிப்பதற்கு மாற்றாக, அவற்றை எண்ணலாம் என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900இல் அழைப்பு விடுத்தார். முதல் ஆண்டில் 27 பேர் கலந்துகொண்டனர். 1966இல் சாண்ட்லர் ராபின்ஸ் தொடங்கிய இனப்பெருக்கப் பறவைகள் கணக்கெடுப்பு இன்னும் கட்டுக்கோப்பானது. வகுக்கப்பட்ட சாலைத்தடம் ஒன்றில் 50 இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் 3 நிமிடம் எண்ண வேண்டும். மறு ஆண்டும் அதே தடம், அதே முறை. வட அமெரிக்கா 1970 முதல் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 529 இனங்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்ததற்கு இத்தகைய தொடர் கணக்கெடுப்புகளே காரணம். இந்தியாவில் நீர்ப்பறவைகளுக்கு 1987 முதல் ஜனவரி தோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு உண்டு. நிலப்பறவைகளுக்கு நாடு தழுவிய அப்படியொரு நீண்ட தொடர் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான், கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய 'இபேர்டு' தளத்தில் இந்தியப் பறவை நோக்கர்கள் இடும் பட்டியல்கள் இப்போது நிரப்பிவருகின்றன.

இந்தத் தளத்தில் ஒருவர் பட்டியலைச் சேர்க்கும்போது ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்திருக்கிறீர்களா? ஆம் என்றால் அது முழுப் பட்டியல். ஒரு கண்மாய்க்கரையில் 20 நிமிடம் நின்று, மடையான் 4, உண்ணிக்கொக்கு 11, கரிச்சான் 2, மைனா 6, தவிட்டுக்குருவி 7, செண்பகம் 1 என்று எழுதி, எதையும் விடவில்லை என்று ஒருவர் உறுதி கூறினால், அந்தப் பட்டியல் ஆறு இனங்கள் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அந்த 20 நிமிடத்தில் பனங்காடை கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதே மனிதர் அதே கரையில் நின்று, செண்பகம் ஒன்றை மட்டும் படம் எடுத்துப் பதிந்திருந்தால் பனங்காடை பற்றி எதுவும் தெரியாது. இருந்தும் எழுதாமல் விட்டாரா, இல்லவே இல்லையா என்று பிரிக்க வழியில்லை. நூறு முழுப் பட்டியல்களில் ஓர் இனம் எத்தனையில் இடம்பெறுகிறது என்ற விகிதத்தை வைத்தே அறிக்கை அதன் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கிறது. இல்லாமை பதிவாகாத இடத்தில் அந்த விகிதத்துக்குப் பகுதியே கிடையாது.

ஒருவர் பத்து நிமிடம் பார்க்கிறார், இன்னொருவர் நான்கு மணி நேரம் நடக்கிறார். இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய, பட்டியலில் உள்ள இனங்களின் எண்ணிக்கையையே முயற்சியின் அளவாக அறிக்கை கொள்கிறது. காகத்தையும் மைனாவையும் எழுதத் தகாதவை என்று ஒருவர் விட்டுவிட்டால் பட்டியல் குறுகுகிறது, முயற்சியும் குறைந்ததாகக் கணக்காகிறது. அவர் கண்ட மற்ற பறவைகளின் கணிப்பும் கோணுகிறது. பொதுப் பறவைகளை விடாமல் எழுதுவது வெறும் ஒழுங்குமுறை அன்று. கணக்கின் அடித்தளமே அதுதான்.

சிட்டுக்குருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது நாடெங்கும் அழிந்துவருகிறது, கைபேசிக் கோபுரங்களே காரணம் என்ற நம்பிக்கை செய்திகளிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் ஆழமாக வேரூன்றியது. 2020இல் வெளியான முதல் அறிக்கை வேறொரு சித்திரத்தைத் தந்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கும் மேலாக அதன் எண்ணிக்கை பெரிய மாற்றமின்றி இருக்கிறது. குறைவு தெரிவது பெருநகரங்களில். கைபேசிக் கதிர்வீச்சைக் குற்றம் சாட்டுவதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. நகரத்தில் வீட்டு முற்றத்திலிருந்து மறைந்த பறவை ஊரெங்கும் மறைந்ததாகத் தோன்றுவது இயல்பே. அந்தத் தோற்றத்தைச் சோதிக்க முடிந்தது, குருவி அற்பம் என்று கருதாமல் பல ஊர்களில் பலர் அதை எழுதிவைத்ததால்தான்.

2023 அறிக்கையின் முடிவுகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். நெடுங்காலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு 338 இனங்களுக்கே இருந்தது. அவற்றில் 204 குறைந்துள்ளன, 98 நிலையாக உள்ளன, 36 பெருகியுள்ளன. அண்மைக்கால ஆண்டுப் போக்கு 359 இனங்களுக்குக் கணிக்கப்பட்டது. அவற்றில் 142 குறைந்துவருகின்றன. மயிலும் குயிலும் பெருக, புல்வெளி போன்ற திறந்தவெளிகளை நம்பி வாழும் பறவைகளும் இரைகொல்லிகளும் வலசை வரும் கரைப்பறவைகளும் சரிகின்றன. மின்கம்பியில் அமர்ந்து வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும் பனங்காடையைப் பலரும் எளிதில் காணக்கூடிய பறவையாகவே எண்ணிவந்தார்கள். உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அதன் நிலையை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று அறிக்கை பரிந்துரைக்கிறது. அரிய பறவையைத் தேடிப் போகிறவர்கள் மட்டுமே பதிந்திருந்தால் இந்தச் சரிவு பிடிபட்டிருக்காது. ஆனால் 942இல் 338ஐக் கழித்தால் மிஞ்சும் 604 இனங்களின் நெடுங்காலக் கதை இன்னும் சொல்லப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. இந்த 604 என்ற எண்ணைச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. குறைந்துள்ள இனங்களைக் காட்டும் 204 என்ற எண்ணைவிட இது குறைந்த கவலைக்குரியதும் அன்று.

முழுப் பட்டியல் எல்லாக் குறையையும் தீர்த்துவிடாது. எங்கே போய்ப் பார்ப்பது என்பதை நோக்கரே முடிவு செய்கிறார். நகரத்தை ஒட்டிய ஏரி, சரணாலயம், நல்ல சாலை உள்ள மலை, விடுமுறை நாள் காலை என்று பதிவுகள் சில இடங்களிலும் நேரங்களிலும் குவிகின்றன. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு குளம் ஆகாயத்தாமரையால் மூடப்பட்டோ குப்பை கொட்டப்பட்டோ கெட்டுப்போனால் பறவைகள் போய்விடுகின்றன. பறவை பார்ப்பவர்களும் அடுத்த குளத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த இழப்பு தரவில் குறைவாக வராமல் வெறும் மௌனமாக நின்றுவிடுகிறது. நல்ல இடங்களின் பட்டியல்கள் மட்டும் தொடர்வதால் ஒட்டுமொத்தக் கணக்கு உண்மை நிலையைவிடச் செழிப்பாகத் தோன்றும். கெட்டுப்போன குளத்தில் எடுக்கும் ஐந்து வரிப் பட்டியலுக்கு, புகழ்பெற்ற சரணாலயத்தின் ஐம்பது வரிப் பட்டியலைவிட மதிப்பு மிகுதி.

இடத் தேர்வைத் தனிமனித விருப்பத்திடமிருந்து மீட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கேரளப் பறவை வரைபட ஏடு சான்று. மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பார்க்கவேண்டிய சிறு கட்டங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் குறிப்பிட்ட நாட்களுக்குள் 15 நிமிடப் பட்டியல்கள் எடுக்கப்பட்டன. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உழைத்துச் சேர்த்த ஏறத்தாழ 3 லட்சம் பதிவுகளில் 361 இனங்கள் இடம்பெற்றன. ரப்பர் தோட்டமோ கடைவீதியோ எதுவாயினும் குலுக்கலில் விழுந்த கட்டத்துக்குப் போயாகவேண்டும். நாளை அதே கட்டங்களுக்குத் திரும்பிப் போய் ஒப்பிட முடியும் என்பதே இந்த உழைப்பின் நிலைத்த பயன்.

தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இத்தனை கட்டுக்கோப்பு உடையதன்று. ஆயினும் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பண்டிகைக்குப் பலரும் நகரத்தை விட்டுச் சொந்த ஊருக்குப் போகிறார்கள். ஆண்டு முழுதும் யாரும் பட்டியல் எடுக்காத வயல்வெளியும் ஊரணியும் கரும்புக்கொல்லையும் அந்தச் சில நாட்களில் தரவுக்குள் வந்துவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அதே ஊர், அதே வாரம் என்பதால் ஒப்பீட்டுக்கும் இடமிருக்கிறது.

அண்மையில் பழக்கத்துக்கு வந்துள்ள ஒலி அடையாளச் செயலிகள் புதிய கேள்வி ஒன்றை எழுப்புகின்றன. கார்னெல் ஆய்வகத்தின் 'மெர்லின்' செயலியில் 2021இல் சேர்ந்த இந்த வசதி, கைபேசியில் கேட்கும் குரலை வைத்துப் பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. தொடக்கநிலையாளருக்கு இது பெரிய துணை. செவிக்குப் பயிற்சி தருவதும் ஆகும். ஆனால் துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்வதில் தேர்ந்தது. கிளையில் அது ஒன்றே இருக்க, திரையில் வேறு பெயர்கள் தோன்றக்கூடும். தானே கண்டோ கேட்டோ உறுதி செய்யாததைச் செயலி சொன்னது என்பதற்காகப் பதியக்கூடாது என்பதே இபேர்டின் விதி. இந்த விதி காற்றில் விடப்பட்டால், பட்டியலின் நீளம் மனித முயற்சியைக் காட்டுவது நின்று கருவியின் உணர்திறனைக் காட்டத் தொடங்கும். கருவி மேம்படும் ஒவ்வோர் ஆண்டும் பறவைகள் பெருகியதுபோல் ஒரு பொய்த்தோற்றம் உருவாகும். தளத்தின் வட்டாரச் சரிபார்ப்பாளர்கள், அவர்களும் தன்னார்வலர்களே, வழக்கத்துக்கு மாறான பதிவுகளை விசாரிக்கிறார்கள். எங்கும் இருக்கும் பறவையின் தவறான பதிவோ அவர்களின் வலையில் சிக்குவது அரிது.

பெயர்கள் மாறுவதும் பழைய பட்டியல்களைப் பாதிக்கிறது. உலகில் தனித்தனியே வழங்கிவந்த வகைப்பாட்டுப் பட்டியல்களை ஒன்றிணைத்து 2025 ஜூனில் 'அவிலிஸ்ட்' வெளியானது. அது 11,131 இனங்களை ஏற்கிறது. நாடுகளின் அறிக்கைகளை ஒப்பிட இது பெரிதும் உதவும். ஓர் இனம் பலவாகப் பிரியும்போது, வாழிடங்கள் ஒன்றோடொன்று கலவாதிருந்தால் சிக்கல் சிறிதே: கூகை மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, பதிவின் இடத்தை வைத்தே இந்தியக் கூகைகளைக் கிழக்கத்திய இனத்தில் சேர்க்க முடிந்தது. குளிர்காலத்தில் ஒரே மரத்தில் இரை தேடும் கதிர்க்குருவிகளில் அப்படிச் செய்ய இயலாது. குரல், இறக்கை வரி போன்ற குறிப்புகள் உடன் இருந்தால்தான் பழைய பதிவு தப்பும்.

2023 அறிக்கை கணித்த நெடுங்காலப் போக்கின் தொடக்கப்புள்ளி 2000க்கு முந்தைய ஆண்டுகள். அப்போது இபேர்டு இல்லை. அக்காலத் தரவின் பெரும்பகுதி, மூத்த பறவை நோக்கர்களின் நாட்குறிப்புகளிலிருந்து பின்னாளில் ஏற்றப்பட்டது. நாளும் இடமும் குறித்து அன்று கண்ட எல்லாப் பறவைகளையும் வரிசையாக எழுதிய ஏடுகள் அப்படியே முழுப் பட்டியல்களாகப் பயன்படுகின்றன. அரிய காட்சிகளை மட்டும் குறித்த ஏடுகள், எத்தனை தேர்ந்த கண்ணுடையவர் எழுதியிருந்தாலும், ஓர் இனம் எங்கே இருந்தது என்பதற்குச் சான்றாகலாம். எவ்வளவு குறைந்தது என்ற கணக்கில் அவற்றைச் சேர்க்க முடிவதில்லை.