தப்பிலிருந்து கூம்புவரை

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பகுதியில், சிங்கராஜ வனத்தை அடுத்து எழும் மலைகளிடையே இருக்கிறது றக்வான. இறக்குவானை என்று எழுதுவாரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இம்மலைகளில் கோப்பி பயிரிட்டனர். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் அப்பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறியது; அதை நட்டு வளர்த்த கைகளின் வாழ்வு மாறவில்லை. இருள் பிரியுமுன்னே தப்பு முழங்கும். அந்த ஒலி கேட்டதும் லயங்கள் விழிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மலைநாட்டில் ஒலிபெருக்கியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அந்தத் தப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

ஏனெனில் அதே தப்புத்தான் மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும் முழங்கியது. சாவு வீட்டு வாசலிலும் முழங்கியது. தோலும் ஒன்று, குச்சியும் ஒன்று, அடித்த கையும் ஒன்று. காலையில் அது துரையின் உத்தரவு; இரவில் அது மக்களின் சொந்தக் குரல். எவ்வளவு உரக்கக் கேட்டது என்று மட்டும் பார்ப்பவனுக்கு இந்த வேற்றுமை புலப்படாது. எவருக்காகக் கேட்டது என்றும் சேர்த்துக் கேட்பதே சரித்திர நோக்கு.

இன்று இதைப் பேசக் காரணம் உண்டு. தோட்டத்து மாரியம்மன் கோவில்களில் பழைய கூம்பு ஒலிபெருக்கிகள் இன்னும் கிடக்கின்றன. சில கூரை மேலே துருப்பிடித்து நிற்கின்றன. சில மடப்பள்ளி மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. திருவிழாவுக்கு வரி சேர்க்கும் காலம் வந்தால், ‘இந்தக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு ஆயிரம் வாட் செட் எடுப்போம்’ என்கிறார்கள் இளைஞர்கள். ‘அப்பன் பாட்டன் காலத்துச் சாமான், தொடாதே’ என்கிறார்கள் முதியோர். ஆயிரம் வாட் ஆம்பிளிபயரைக் கொண்டுவந்து அந்தப் பழைய கூம்பிலேயே பூட்டிவிடுவது மூன்றாவது வழி. இது இருவரையும் திருப்திப்படுத்துவதுபோல் தோன்றும். முதல் இரவிலேயே கூம்பின் உயிரைப் போக்கிவிடும்.

கூம்பு பிறந்த கதையை அறிந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

1915இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அவருடைய தோழர் எட்வின் பிரிதாமும் ஒரு கம்பிச்சுருளைக் காந்தத்தின் நடுவே அசையவிட்டு, அதனோடு இணைத்த சவ்வின் முன்னே ஒரு கிராமபோன் கூம்பை வைத்தார்கள். அக்கருவிக்கு ‘மாக்னவாக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். இலத்தீன் மொழியில் பெருங்குரல் என்று பொருள். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருந்திரளுக்கு அது இசை வழங்கியது. 1919 செப்டம்பரில் ஜனாதிபதி வில்சன் சான் டியாகோ நகரில் பல்லாயிரம் பேருக்கு அதன் மூலமே பேசினார். 1926இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியாரின் 555 என்னும் கூம்பு யூனிட் சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தது. படத்துக்கு ஒலி வந்தது.

அக்காலத்து வால்வு ஆம்பிளிபயர்கள் தந்த ஆற்றல் மிகச் சொற்பம். ஒரு பெரிய கொட்டகைக்கே பத்து வாட் அளவு இருந்தால் செல்வம். அந்த ஏழ்மையிலிருந்துதான் கூம்பு பிறந்தது. இருக்கும் சிறு ஆற்றலை வீணாக்காமல் காற்றிடம் ஒப்படைப்பதற்கு விஞ்ஞானி கண்ட வழி அது.

இதை விளக்க நாம் மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. திருவிழாவில் நாதஸ்வரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதைக் கண்டிருப்போம். ‘பீ’ என்று ஒரு சிறு சத்தம், அவ்வளவே. அதையே குழலில் செருகி ஊதினால், சிறிதாகத் தொடங்கி மெல்ல மெல்ல விரிந்து அணசில் முடியும் அந்த வழியாக வந்த நாதம் அடுத்த மலைக்கும் கேட்கிறது. சீவாளி செய்யும் வேலையை ஒலிபெருக்கியின் யூனிட் செய்கிறது. குழலும் அணசும் செய்யும் வேலையைக் கூம்பு செய்கிறது. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவையே ஒலியாக்குகிறது. எஞ்சியது வெப்பமாய்ப் போகிறது. நல்ல கூம்போ நூற்றில் பத்து, இருபது பங்கு, சிறந்தவை அதற்கும் மேலே ஒலியாக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால், பெட்டி 88 டெசிபெல் காட்டுமிடத்தில் கூம்பு 108 காட்டும். பத்து டெசிபெல் ஏறினால் ஆற்றல் பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. ஆகவே கூம்பில் பத்து வாட் செய்யும் வேலையைப் பெட்டியில் செய்ய ஆயிரம் வாட் வேண்டும். இளைஞர்கள் கேட்கும் ஆயிரம் வாட் கோவில் கூரையிலேயே இருக்கிறது!

இக்கருவி எவர் கையில் இருந்தது என்ற கேள்விக்கு வருவோம். நாஜி ஜெர்மனியில் அது ஒரு மனிதனின் வெறியை இலட்சக்கணக்கானோர் செவியில் திணித்தது. இந்தியாவிலோ அது விடுதலை இயக்கத்தின் தொண்டையாயிற்று. காந்தியும் நேருவும் பேசும் பழைய படங்களில் ஒலிவாங்கியின் மீது ‘சிக்காகோ ரேடியோ’ என்ற எழுத்துக்களைக் காணலாம். மோட்வானே குடும்பத்தாரின் நிறுவனம் அது. 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் இரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலி தொடர்பான வழக்கில் நானக் மோட்வானேயும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். ஒலிக்கருவி விற்பவனும் தன் கருவி எவருக்குப் பேசுகிறது என்று முடிவு செய்ய வேண்டிய காலம் வந்தது.

நம் மலைநாட்டிலே தோட்டத்து எல்லைக்குள் தொழிலாளர் கூட்டம் போடுவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட நாட்கள் இருந்தன. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்பது பிரசித்தம். அவர் துணைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடியே கூட்டத்தைத் திரட்டினார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை ஆட்டு மந்தைபோல் எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம்! எஞ்சியிருந்தோருக்கும் உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டசபையில் குரலற்ற ஒரு சமூகம் தன் மொழியைப் பகிரங்கமாகக் கேட்ட இடம் எது? கோவில் கூரைக் கூம்பே அது. இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டும், திருவிழா அறிவிப்பும், தொழிற்சங்கத் தலைவரின் பேச்சும் ஒரே கூம்பின் வழியே வந்தன. சபரகமுவத் தோட்டங்களில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. நுவரெலியாவைப்போல் இங்கே தமிழர் திரண்டு வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுதீவாகச் சிதறி வாழ்கிறார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் தோட்டத் தமிழர் மீது வன்முறை பாய்ந்தது. அத்தகைய நாட்களைக் கடந்தும் ஒரு கோவிலில் கூம்பு மீண்டும் பாடிற்று என்றால், அது ‘நாங்கள் இருக்கிறோம்’ என்ற அறிவிப்பன்றோ?

ஆதலால் பழைய கூம்பைக் காப்பது வெறும் பழம்பொருட் பற்று அல்ல. காக்கும் வழியை அறிந்து காக்க வேண்டும்.

முதலில் கூம்பைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். குளவிக் கூடும், ஈரத்தில் ஊறிய தூசியும் வழியை அடைத்திருக்கும். றக்வான மழைக்குக் காகிதக் கூம்பு வைத்த பெட்டிகள் தாங்குவதில்லை. அலுமினியக் கூம்பு தாங்கும், ஆனால் யூனிட்டின் உள்ளே நீர் புகக் கூடாது. மீற்றரை வைத்து அளந்தால் 16 ஓம் யூனிட் பத்துப் பன்னிரண்டு ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பிச்சுருள் அறுந்தது; சவ்வோடு சேர்த்து அதை மாற்றிவிடலாம், யூனிட்டை எறிய வேண்டியதில்லை. மாற்றும்போது காந்தத்தின் இடுக்கில் ஒட்டிய இரும்புத் தூளை ஒட்டுநாடாவால் எடுக்க வேண்டும். பக்கம் பக்கமாக இரு கூம்புகள் இருந்தால் இரண்டின் கம்பிகளும் ஒரே திசையில் இணைக்கப்பட வேண்டும். மாறினால் ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும்.

அடுத்து, தாழ்ந்த சுருதிகள். இருபது அங்குல வாயுள்ள கூம்பு ஏறத்தாழ 215 அதிர்வுகளுக்குக் கீழே காற்றைப் பிடிப்பதில்லை. பிடிப்பில்லாத சவ்வு வெறுமனே துள்ளிக் கிழியும். புதிய பாட்டுக்களின் மத்தள அதிர்வைப் பெரிய ஆம்பிளிபயர் மூலம் செலுத்தினால் யூனிட் மடிவது இதனால்தான். 16 ஓம் யூனிட்டுக்குத் தொடராக 33 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்றை இணைத்தால் 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்டவை குறைந்துவிடும். 8 ஓம் என்றால் அதன் இரட்டிப்பு. கண்டென்சர் இருமுனை பேதமற்றதாக இருக்க வேண்டும்.

இனி ஆம்பிளிபயர். யூனிட் 25 வாட் தாங்கும் என்றால் ஆம்பிளிபயரும் ஏறத்தாழ அதே அளவினதாக இருத்தல் நன்று. ஒலி கரகரக்கும்வரை முறுக்குவது சிறிய கருவியிலும் கேடுதான். பழைய வால்வுக் கருவியானால் அதன் 4, 8, 16 ஓம் முனைகளில் கூம்புக்கு உரியதையே தேர்ந்துகொள்ள வேண்டும். கூம்பை இணைக்காமல் அதை ஓட்டவே கூடாது. டிரான்சிஸ்டர் கருவியோ குறைந்த ஓமையும் கம்பிகள் ஒன்றோடொன்று தொடுவதையும் தாங்காது.

கோவிலிலிருந்து லயம் தூரமானால் 100 வோல்ட் முறையைக் கைக்கொள்ள வேண்டும். 8 ஓம் கம்பியில் 25 வாட் அனுப்ப 1.77 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் 50இல் ஒரு பங்காகிவிடுகிறது. ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு சிறு மின்மாற்றி வேண்டும். அவற்றின் வாட்களைக் கூட்டினால் ஆம்பிளிபயரின் அளவை மிஞ்சலாகாது. நான்கு கூம்புக்குப் பத்துப் பத்து வாட்டாக நாற்பது. ஐம்பது வாட் கருவி தாராளம்.

நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல் நிர்ணயிக்கப்படுவதற்கே ஆண்டுக்கணக்காகப் போராடிய மக்களின் வரிப்பணம் இது. அதை ஆயிரம் வாட்டில் எரிப்பது எந்த விதத்தில் முன்னேற்றம்?

இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. கூம்பு கொடுமையும் செய்யும். லயத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், நோயாளிக்கும், மறுநாள் மலையேற வேண்டிய தாய்க்கும் நள்ளிரவுக் கூம்பு அக்காலத்துப் பிரட்டுத் தப்பைவிட இரக்கமற்றது. இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தியது நியாயமே. கூம்பைச் சற்றே தாழ்த்தி, கூடியிருப்போரை நோக்கித் திருப்பி, போதுமான அளவில் நிறுத்துவதும் அதைப் புதுப்பிக்கும் வேலையில் சேர்ந்ததே.

விடியுமுன் எழுப்பிய தப்பு மக்களைக் கேட்கச் செய்தது, பேச விடவில்லை. கூம்பு அவர்களைப் பேசச் செய்த கருவி. அதை மௌனமாக்கவும் வேண்டாம், அலறச் செய்யவும் வேண்டாம். சீர்செய்து ஏற்றுவோம், பிறகு அதன் முன் நின்று சொல்லத்தக்கதைச் சொல்வோம்.