பழைய ரயில் பெட்டியின் பித்தளைத் தாழ்ப்பாள்

பிறந்த ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கும் புகைவண்டிக்கும் உள்ள உறவு தனிப்பட்டது. பிழைப்புக்கு நம்மைக் கொண்டு சேர்த்ததும் அதுவே; திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் ஊருக்கு அழைத்துச் செல்வதும் அதுவே. ஆகவே, நம் முன்னோரைச் சுமந்து சென்ற மரப்பெட்டிகள் இன்று எங்கே உள்ளன, பழுதுற்ற அவற்றை எவ்வாறு செப்பம் செய்கின்றனர் என்று அறிந்துகொள்வது நமக்குப் புறம்பான செய்தி அன்று.

நாம் வாழும் தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த எல்லையோரச் சிற்றூர். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, விளவங்கோடு முதலான தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. இவ்வூர் வழியே திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979 இல்தான் திறக்கப்பட்டது. தொடக்கத்திலேயே அது அகலப்பாதை. அதற்கு முன் இப்பகுதியினர் சென்னைக்குப் புகைவண்டியில் செல்ல விரும்பினால், திருவனந்தபுரம் சென்று, கொல்லம், செங்கோட்டை வழியாக மீட்டர் பாதை வண்டியில் மலை கடந்து போவது வழக்கம். அந்தச் செங்கோட்டைப் பாதையும் பின்னர் அகலப்பாதையாக்கப்பட்டு, 2018 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாதை அகன்றது, பழைய பெட்டிகளோ மறைந்தன.

மரப்பெட்டி மறைந்ததற்குக் காரணம் உண்டு. 1955 இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கி, முழுதும் எஃகினாலான பெட்டிகளைக் கட்டலாயிற்று. மோதல் நேர்ந்தால் எஃகுப் பெட்டி பயணியைக் காக்கும், மரப்பெட்டி நொறுங்கிவிடும். ஆகவே அம்மாற்றம் வேண்டத்தக்கதே. காலச் சக்கரத்தின் விந்தை என்னவெனில், அன்று புதுமையாக வந்த அந்த எஃகுப் பெட்டியும் 2018 இல் தன் உற்பத்தியை முடித்துக்கொண்டு, இன்று தானே பழம்பொருள் வரிசையில் சேரத் தொடங்கிவிட்டது.

பழைய பெட்டியொன்றைச் செப்பம் செய்வோர்க்கு எளிதில் கிடைக்காதது எது? தேக்கு மரம் என்று நாம் எண்ணக்கூடும். தேக்கு விலை மிகுந்ததேயன்றிக் கிடைக்காத பொருள் அன்று. கிடைக்காதவை சிறு பொருள்களே: கதவின் தாழ்ப்பாள், கைப்பிடி, கீல், சன்னலை ஏற்றி இறக்கும் தோல் வாரின் கொளுவி, சாமான் பலகையைத் தாங்கும் கை, விளக்குக் கூண்டு. பித்தளை எடைக்கு விலைபோகும் உலோகமாதலின், பெட்டியைக் கழித்த அன்றே இவை கழன்றுவிடும். மரம் நின்றிருக்கும், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் எஞ்சியிருக்கும்.

இழந்ததைப் பெற மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அதே வகையைச் சேர்ந்த, இனிச் செப்பம் செய்ய இயலாத மற்றொரு பெட்டியிலிருந்து எடுப்பது. இதுவே உண்மைப் பொருள். ஆனால் ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கலைக்க வேண்டும். இரண்டாவது, எஞ்சிய ஒரு தாழ்ப்பாளை மாதிரியாக வைத்துப் புதிதாக வார்ப்பது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் சுவாமிமலைப் படிமமும் படைக்கும் நம்மவர்க்கு வார்ப்புக் கலை புதிதன்று. எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. உருகிய பித்தளை குளிரும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சுருங்கும். நூறு மில்லிமீட்டர் கைப்பிடியை அப்படியே அச்செடுத்து வார்த்தால், நகல் தொண்ணூற்றெட்டரை மில்லிமீட்டரே இருக்கும். பழைய துளைகளோடு பொருந்தாது. ஆகவே சுருக்கத்தைக் கணக்கிட்டுச் சற்றே பெரிதான மாதிரியைச் செய்தல் வேண்டும். மூன்றாவது வழி, கடையில் கிடைப்பதைப் பூட்டிவிடுவது. கதவு மூடும், ஆனால் வரலாறு தவறிப்போகும்.

திருகாணி ஒன்றுகூட இவ்வாறு காட்டிக்கொடுத்துவிடும். 1841 இல் இங்கிலாந்தின் விட்வொர்த் என்பார் வகுத்த மரையின் கோணம் ஐம்பத்தைந்து பாகை; இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் அறுபது பாகை. ஒன்றன் ஆணி மற்றொன்றன் துளையில் ஒழுங்காக ஏறாது. நம் நாடு 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைக்குப் படிப்படியாக மாறிற்று. ஆனால் அதற்கு முன் கட்டிய பெட்டிகள் அங்குலத்திலேயே நிற்கின்றன. சிலுவை வடிவக் கொண்டை உடைய திருகாணியோ 1930களில்தான் புழக்கத்திற்கு வந்தது. 1899 ஆம் ஆண்டுப் பெட்டியில் அதைக் கண்டால், பிற்காலக் கை பட்டதென்பது வெளிப்படை.

பழுது பார்த்தலின் எல்லை எது என்பதற்குத் தலைநகரிலேயே சான்று உண்டு. பாட்டியாலா அரசின் ஒற்றைத் தண்டவாள வண்டி 1907 இல் தொடங்கி 1927 இல் நின்றது. அதன் எஞ்சிய பகுதிகளை மைக் சாட்டோ என்னும் ஆங்கிலேய ஆர்வலர் 1962 இல் பாட்டியாலாவின் பழைய இரும்புக் குவியலில் கண்டெடுத்தார். அமிர்தசரஸ் ரயில்வே பணிமனையினர் இயந்திரத்தை இயங்கச் செய்தனர். பயணப் பெட்டியை ஒரு பழைய அடிச்சட்டத்தின்மீது புதிதாகக் கட்டினர். 1977 இல் திறக்கப்பட்ட தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அது இடம் பெற்றது. அடிச்சட்டம் பழையது, உடல் புதியது. இது பொய்யா? அன்று, புதியதைப் புதியது என்று சொல்லும் வரையில் பொய்யாகாது. 1964 ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வகுத்த நெறியும் இதுவே: இழந்ததற்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்தினின்றும் வேறு என்று அறியத்தக்கதாயும் இருக்க வேண்டும். புதிதாக வார்த்த தாழ்ப்பாளின் உட்புறத்தில் ஆண்டைப் பொறித்தால் இவ்விரண்டும் நிறைவேறும்.

இனி நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். தில்லி அருங்காட்சியகத்தில் வேல்ஸ் இளவரசரின் 1875 ஆம் ஆண்டுப் பெட்டியும், மைசூர் மகாராஜாவின் 1899 ஆம் ஆண்டுப் பெட்டியும் காக்கப்படுகின்றன. அவை காக்கத்தக்கனவே. ஆனால் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும், தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கும் நம் பாட்டன்மார் மூட்டையோடு ஏறிய மூன்றாம் வகுப்பு மரப்பெட்டிகளைப் போற்றியவர் மிகச் சிலரே. அரசர் அமர்ந்த இருக்கைக்குக் காவலர் உண்டு. கூலியாள் பற்றிய கைப்பிடிக்கு எடைக்கல்லே உண்டு.

இவ்விடத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1951 ஏப்ரல் 14 இல் தென்னிந்திய ரயில்வே, மதராஸ் தென் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. அதற்கு முந்திய பொருள்கள் பலவற்றில் அந்தந்த ரயில்வேயின் தலைப்பெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் இல்லங்களிலும், மும்பை, கரக்பூர் போன்ற ஊர்களின் பழைய இரும்புக் கடைகளிலும் இத்தகைய தாழ்ப்பாளோ கொளுவியோ கிடந்தால், புளியிட்டுத் துலக்கி அவ்வெழுத்தைத் தேய்த்துவிடலாகாது. கிடைத்த இடத்தையும் தெரிந்த வரலாற்றையும் ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டி வைத்தல் வேண்டும். பெரம்பூரை அடுத்து 2002 இல் அமைந்த சென்னை ரயில் அருங்காட்சியகம் போன்றவற்றுக்குத் தெரிவிப்பது அதனினும் நன்று. ஒரு தாழ்ப்பாள் மாதிரியாகக் கிடைத்தால் நூறு தாழ்ப்பாள் வார்க்கலாம். அதுவும் உருக்குலையில் விழுந்துவிட்டால், அக்கதவு எவ்வாறு மூடிற்று என்பதைச் சொல்ல எவரும் இரார்.