பி.பி இருக்கா? மாத்திரையோடு 10 நிமிஷ மைண்ட்ஃபுல்னெஸும் சேரட்டும்!

டிராஃபிக், டெட்லைன், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்... டென்ஷனாகும்போது அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமா துடிக்கும், பி.பி-யும் எகிறும். ஏற்கெனவே உங்களுக்கு பி.பி இருந்தா இதுல கூடுதல் கவனம் தேவை. இங்கேதான் மைண்ட்ஃபுல்னெஸ் கைகொடுக்குது.

நல்லது, கெட்டதுனு எடைபோடாம, இந்த நொடியில நடக்கிறதை அப்படியே கவனிக்கிறதுதான் மைண்ட்ஃபுல்னெஸ். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், ஜான் கபாட்-ஸின் இதை நோயாளிகளுக்கான பயிற்சியாகத் தொடங்கினார்.

எப்படிச் செய்யறது?

* மொபைலை சைலன்ட்ல போட்டுட்டு, நாற்காலியில வசதியா உட்காருங்க.

* மூச்சு உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் கவனிங்க. மூச்சை அடக்க வேண்டாம்.

* மனசு எங்கேயாவது ஓடும். உங்களைத் திட்டிக்காம, திரும்ப மூச்சுக்கே கூட்டிட்டு வாங்க. 10 நிமிஷத்துல ஆரம்பிக்கலாம்.

இதை மறக்காதீங்க!

சில வாரத்துல ரீடிங் நார்மலானதும், 'இனி மாத்திரை எதுக்கு?'னு தோணும். ஆபத்தே அங்கேதான். அந்த நார்மலுக்குப் பின்னாடி மாத்திரையோட வேலையும் இருக்கு. நீங்களா நிறுத்தினா, அறிகுறியே காட்டாம பி.பி மறுபடி ஏறலாம். பக்கவாதம், மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். தியானம் சிகிச்சைக்குத் துணைதான், மாற்று இல்லைங்கிறதுதான் அமெரிக்க இதய சங்கம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடும்.

அதனால, வீட்டுல எடுக்கிற ரீடிங்கை தேதியோட குறிச்சு வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. டோஸைக் குறைக்கலாமானு அவர் முடிவு பண்ணட்டும். பி.பி 180/120-க்கு மேல போய், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தா, கண்ணை மூடி உட்கார வேண்டாம். உடனே 108-க்கு போன் பண்ணுங்க!