ஊட்டியின் நூறும் வேலூரின் நாற்பதும்

மே மாதம், ஊட்டியில் விடிகாலை. பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியாது. முந்தின நாள் துவைத்துக் கொடியில் போட்ட துண்டைத் தொட்டால் சில்லென்று ஈரம் ஒட்டும். அதே மாதம் வேலூரில் பிற்பகல் இரண்டு மணிக்கு, காலையில் மொட்டைமாடியில் பிழிந்த வடாம் துணியை விட்டுத் தானாகக் கழன்று வரும். எந்த ஊர்க் காற்றில் தண்ணீர் அதிகம் என்று கேட்டால் எல்லோரும் ஊட்டி என்பார்கள். வேலூர்தான்.

ஊட்டியில் 12 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 10.7 கிராம் நீராவிதான் இருக்க முடியும். மிதக்கும் பனித்துளிகளைச் சேர்த்தாலும் இன்னும் அரை கிராம் கூடினால் அதிகம். வேலூரில் 40 டிகிரி, 40 சதவீதம். அந்த வெயிலில் உச்சவரம்பு 51 கிராம். அதில் நாற்பது சதவீதம் 20 கிராம். கிட்டத்தட்ட இரு மடங்கு!

நம்பாதவர்கள் வேலூரில் ஃப்ரிட்ஜ் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைக்கட்டும். சற்று நேரத்தில் டம்ளருக்கு வியர்த்து, அடியில் வட்டமாகத் தண்ணீர் தேங்கும். அது டம்ளரிலிருந்து கசிந்ததல்ல, அந்த 'வறண்ட' காற்றிலிருந்து வந்தது. 20 கிராம் நீராவி உள்ள காற்றுக்குப் பனிப்புள்ளி சுமார் 24 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராவி துளியாகிவிடும்.

செய்தியில் சொல்லும் ஈரப்பதம் தண்ணீரின் அளவல்ல, விகிதம். அந்த வெப்பநிலையின் உச்சவரம்பில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்பது மட்டுமே. வெப்பம் ஏற ஏற வரம்பு ஓடிப்போகிறது. இந்த வெப்பநிலைகளில் பதினோரு டிகிரிக்கு ஒருமுறை சுமாராக இரட்டிக்கிறது. சூடான காற்று பஞ்சுபோல் அதிக நீரை உறிஞ்சும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது எனக்கு உடன்பாடில்லை. காற்று இதில் வெறும் பார்வையாளர். காற்றே இல்லாத வெற்றிடத்திலும் வரம்பு ஏறக்குறைய அதுவேதான் என்பது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன் ஆராய்ந்து சொன்னது. சூட்டில் நீர் மூலக்கூறுகள் வேகம் பெற்றுத் தப்பிப் பறக்கின்றன, அவ்வளவே.

வேலூரையே வேலூரோடு ஒப்பிட்டாலும் இது தெரியும். காற்றின் திசை மாறாமல் அதே 20 கிராம் இருந்தால், விடியற்காலை 28 டிகிரியில் ஈரப்பதம் 73 சதவீதத்தைத் தாண்டும். மதியம் அது 40. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எங்கும் போகவில்லை.

துணியும் வடாமும் காய்வது காற்றில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்ததைவிட, மிச்சமிருக்கும் இடத்தைப் பொறுத்தது. வேலூரில் 31 கிராமுக்கு இடம் காலி. ஊட்டியில் துளியும் இல்லை. ஆனால் ஊட்டி விடுதி அறையில் கதவைச் சாத்தி ஹீட்டரைப் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே 10.7 கிராம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். வெளியே பனிமூட்டம் அப்படியே நிற்க, உள்ளே நாற்காலி முதுகில் போட்ட காலுறை காய ஆரம்பிக்கும்.