கரை காக்க வந்தவர் யார்?

குன்றத்தூருக்கு அருகே கடலென விரிந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் 1 இரவு, வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அதிலிருந்து சீறிப் பாய்ந்தது. அடையாற்றங்கரை அழுதது. படகோடு ஓடிவந்த மீனவரை, சோறு சுமந்து வந்த இளைஞரை அழைத்தது எந்த ஆணை? கூலி தந்தவர் எவர்? எவருமில்லை. பின் ஏன் வந்தனர்?

விடை தேடி வரலாற்றைப் புரட்டினோம். உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் பேசுகிறது. பராந்தக சோழன் காலம், 921. குடவோலை கண்ட குடியாட்சி என்று நாமும் வகுப்பில் மார்தட்டியதுண்டு! ஆனால் அந்த ஓலையில் பெயர் ஏற, வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், மறையறிவும் வேண்டும். மண் சுமந்தவன் பெயர் ஏறவில்லை.

பின்னர் வந்தது வெள்ளையராட்சி. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை உடையும் ஆபத்து நேரின், அண்டை வாழும் உழைப்பாளி வகுப்பின் உடல்வலிமையுள்ள ஆடவரை ஊர்த் தலைவன் அழைக்கலாம். கூலி உண்டு, மறுக்கும் உரிமை இல்லை, மறுத்தால் தண்டனை! வகுப்பைக் குறித்தே வலை வீசினர். சட்டம் இருந்தும் குடிமராமத்து நலிந்தது, வியப்பென்ன?

2017இல் குடிமராமத்து மீண்டும் உயிர்பெற்றபோது, பாசன உழவரின் பங்களிப்பை அது நாடியது. நன்றே. ஆயின் ஒரகடத்து ஆலைக்குச் சென்று திரும்பி, குன்றத்தூரில் வாடகை அறையில் உறங்கும் தோழனுக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லை. வெள்ளம் மட்டும் அவன் வாசலுக்கும் வரும். கரை காக்கும் கூட்டத்திற்கு அவனை எவர் அழைத்தார்?