பிந்தி ஓடிய மணிக்கூடு

பம்பலப்பிட்டியில் எமது வீட்டு முன்மண்டபத்தில் ஊசல் மணிக்கூடு ஒன்று தொங்கியது. இலண்டனிலிருந்து அப்பா கொண்டுவந்தது. வந்த புதிதில் அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தி ஓடியதாம். கடலிலிருந்து வரும் உப்புக் காற்றே காரணமென்று அப்பா தீர்ப்புச் சொன்னார். திருத்துபவர் ஒருவர் வந்து ஊசற் குண்டின் அடித்திருகைச் சற்றே மேலேற்றினார், மணிக்கூடு திருந்திவிட்டது. தீர்ப்பு மட்டும் திருந்தவில்லை.

ஊஞ்சலாடிய எவரும் ஊசலை அறிவர். உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. உயரத்தினாற் சேர்ந்த அழுத்த சக்தி, இறங்கும்போது இயக்க சக்தியாகிறது. அடியைக் கடந்ததும் அந்த வேகமே மறுபக்கத்து உயரமாகச் சேமிக்கப்படுகிறது. காற்றும் உராய்வும் பறிக்கும் சிறு பங்கைச் சாவி கொடுத்த சுருள்வில் ஈடுசெய்யும். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவை ஊசலின் நீளமும் அவ்விடத்துப் புவியீர்ப்புமே. ஈர்ப்புக் குறைந்தால் ஊசல் மெதுவாகும்.

பாரிஸ் நகரில் சரியாக ஓடிய மணிக்கூடு தென்னமெரிக்காவின் கயேனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதை ஜான் ரிஷே 1672 இல் கண்டார். பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவிலே புடைத்திருப்பதாலும் பூமத்தியரேகையை நெருங்க ஈர்ப்புக் குறைகிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

எமது பக்கத்தில் இதை நுணுகி அளந்தவர் சென்னை வானாய்வு நிலையத்தின் ஜோன் கோல்டிங்ஹாம். ஆண்டு 1821. விநாடிக்கொரு வீச்சாக ஆடும் ஊசலின் நீளம் இலண்டனில் ஏறக்குறைய 99.4 சென்ரிமீற்றர், சென்னையில் 99.1. வெறும் மூன்று மில்லிமீற்றர்! அந்த நிலையத்தின் கருங்கற்றூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு என்பது எனக்கொரு தனி மகிழ்ச்சி.

அடுத்து வந்தவர் கப்டன் பசேவி. 1865 முதல் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயம்வரை ஊசல்களைச் சுமந்து திரிந்தார். மலையருகே ஈர்ப்பு மிகுந்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. கணக்குகளைச் சீர்செய்தபோது அங்கே குறைவே தெரிந்தது. மலைகளின் அடிவேர் இலேசான பாறை என்ற கருத்துக்கு அது வலுச்சேர்த்தது. 1871 ஜூலையில், லடாக்கில் 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஊசல்களின் அருகிலேயே அவர் இறந்தார். வயது நாற்பதும் ஆகவில்லை.

இலங்கைக்குத் தெற்கே, பூமியின் சீரான கணித வடிவத்தோடு ஒப்பிட்டால், கடல்மட்டம் 106 மீற்றர்வரை தாழ்ந்திருக்கிறது. ஆழத்திலுள்ள வெப்பமான, அடர்த்தி குறைந்த பாறையே காரணமென 2023 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் விளக்கினர். எமது மணிக்கூட்டின் இரண்டு நிமிடத்துக்கு அந்தப் பள்ளத்தைப் பொறுப்பாக்க முடியாது. பூமியின் சுழற்சியும் புடைப்பும் போதும்.

1983 ஜூலையில் வீட்டைவிட்டு ஓடினோம். சில வாரங்களின் பின் திரும்பியபோது சுவரில் ஆணி மாத்திரம் இருந்தது. நெடுங்காலத்தின் பின் அப்பாவுக்கு இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உப்புக் காத்துத்தான்" என்றார்.